கடைசிப் பாடத்தின் பூட்டு

செய்தி வந்தபோது நான் ஒரு வீடியோவின் அடியில் ஓடும் எழுத்துகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சைக் கேட்டுக் கணினி தானாகவே எழுதிவைக்கும் வரிகள் அவை. ஒவ்வொன்றையும் மனிதர்தான் உட்கார்ந்து திருத்த வேண்டும். பாதி வரியில் கிறிஸ்டோபர் கூப்பிட்டார். எங்கள் பல்கலைக்கழக இணையவழிப் பிரிவில் வீடியோக்களை வெட்டி ஒட்டுபவர். வழக்கமாக எடுத்த எடுப்பிலேயே கோப்பின் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார். அன்று "மேடம், நூர் மேடம்..." என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். ‘மூன்றாம் யூனிட் கேள்விகளை இன்று மாலைக்குள் ஏற்றவும்’ என்று ஒரு செய்தி. அதன் கீழே நூர்ஜஹான் காலமான செய்தி. அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். அந்தக் கைகளுக்கு நடுவே யாரோ ‘ஏற்றிவிட்டேன்’ என்று எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அந்த வரியைத் திருத்தி முடித்துச் சேமித்துவிட்டுத்தான் எழுந்தேன். எங்கள் வேலை அப்படி. எதற்காகவும் நிற்காது, எப்போதும் முடியாது.

நூர்ஜஹானை உங்களில் பலருக்கு ஒரு குரலாகத்தான் தெரியும். எங்கள் இணையவழிப் படிப்புகளில் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் கொஞ்சம் கரகரப்பாக, அவசரமில்லாமல், "வாங்க, ஒக்காருங்க" என்று ஆரம்பிக்குமே, அந்தக் குரல். அவர் கோவை உக்கடம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். தொண்டையில் கோளாறு வந்து, இனிமேல் நாள் முழுக்கப் பேசக் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகு வகுப்பை விட்டுவிட்டு எங்கள் பிரிவுக்கு வந்தார். "எந்தொண்டைக்கு ரெண்டு நிமிசந்தானுங்க ஆயுசு. அதனால முன்னுரை மட்டும் நான் பேசறேன். பேருரை எல்லாம் உங்களுது" என்பார். எனக்கு முனைவர் பட்டம் இருந்ததால் என்னைப் ‘புரொபசர்’ என்று கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

அவருடைய வேலை என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். ஆசிரியர்கள் நாங்கள் எங்களிடம் இருப்பதையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டுவோம். ஒரு மணி நேர வீடியோக்கள், படக்காட்சிகள், பழைய கேள்வித்தாள்கள், யாரோ எப்போதோ எழுதிய குறிப்புகள். அந்தக் குவியலைப் பிரித்து, வரிசைப்படுத்தி, ஒருவர் ஒரே மூச்சில் உட்கார்ந்து முடிக்கக்கூடிய சிறு கட்டுகளாக ஆக்க வேண்டும். அந்தக் கட்டுக்கு எங்கள் பிரிவில் ‘மாட்யூல்’ என்று பெயர். "கொடியில இருந்து எடுத்துக் கொட்டுன துணிய மடிச்சு அடுக்கற வேலைங்க" என்று நூர் சொல்வார். "எந்தச் சட்டை யாருக்குன்னு தெரிஞ்சாத்தானே அடுக்க முடியும்?"

எனக்கு இந்த வேலையில் நம்பிக்கை இருந்ததில்லை. நான் உணவியல் படித்தவள். வகுப்பறையில் பல ஆண்டு நின்றவள். ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்ல அதற்குரிய நேரம் வேண்டும் என்று நினைப்பவள். பல்கலைக்கழக ஆணைப்படிதான் இந்தப் பிரிவுக்கு வந்தேன். வந்த முதல் வாரமே என் ஒரு மணி நேர உரையை ஏழெட்டுத் துண்டாக்கி என்னிடமே காட்டினார் நூர்.

"இப்படி நறுக்கினா பாடம் பாடமா இருக்காது" என்றேன்.

"கறிவேப்பிலைய உருவித்தானுங்க போடறோம். மரத்தோடவா போடறோம்?"

"உருவிப் போட்டா மட்டும் என்ன? எடுத்து ஓரமாத்தானே வைப்பாங்க."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தால் அவருக்கு இருமல் வரும். இருமி முடித்து, "உங்களோட சண்டை போடலாம் போல இருக்குதுங்க புரொபசர், நல்லாருக்கும்" என்றார். அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. நட்பு என்று அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. வேலையில் உண்டான ஒரு நீண்ட வாக்குவாதம் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அவர் வேலை செய்த முறையை அருகில் இருந்து பார்த்தவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகைகள் நினைவிருக்கும். நம் பக்கத்தில் வைகாசியும் ஆவணியும் வந்தால் வீட்டுக்கு வீடு பத்திரிகை குவியும். கெட்டி அட்டை, தங்க எழுத்து, படிக்கவே ஆளில்லாத அளவு பெயர்கள். எல்லோரிடமும் கேட்டு வாங்கிவந்து, அச்சில்லாத பக்கத்தை அட்டை அட்டையாக நறுக்கிவைப்பார். ஒரு பாடத்துக்கு ஓர் அட்டை. கருத்தரங்கு அறையின் தரையில் பரப்புவார். திருப்பிப் பார்த்தால் ஓர் அட்டையில் பிள்ளையார், ஒன்றில் பிறை, ஒன்றில் சிலுவை. "எல்லாச் சாமியும் சேந்துதானுங்க இந்த மாட்யூலப் பாஸ் பண்ணோணும்" என்பார்.

அட்டைகளைக் கடைசியிலிருந்துதான் அடுக்குவார். எங்களுக்கெல்லாம் முதல் பாடத்திலிருந்து தொடங்கித்தான் பழக்கம். அவர் எங்களைச் சுற்றி நிற்கவைத்து ஒரே கேள்வி கேட்பார்: "இதப் படிச்சு முடிச்சவங்க திங்கக்கிழமை காலைல எந்திரிச்சு என்ன பண்ணப் போறாங்க?" பதில் வந்தால் அந்த அட்டையை முதலில் வைப்பார். அதற்கு முன்னால் என்ன தெரிய வேண்டுமோ அது அடுத்த அட்டை. பதில் வராவிட்டால் அட்டையை எடுத்து எங்கள் கையிலேயே கொடுத்துவிடுவார். வைட்டமின்கள் கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு என்று நான் ஆசையாகத் தயாரித்த ஒரு பாடம் இருந்தது. அந்த அட்டை பல முறை என் கைக்கே திரும்பி வந்தது.

எங்கள் பிரிவில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் சம்பவம் ஒன்று உண்டு. நான் சிரித்ததில்லை. துண்டு துண்டாக வெட்டி இடம் மாற்றி வைத்த பிறகு, எங்கள் வீடியோக்களில் ஒரு கோளாறு தெரிந்தது. ‘நான் முன்னாடியே சொன்ன மாதிரி’ என்று எல்லா ஆசிரியரும் பேச்சுக்குப் பேச்சு சொல்லியிருந்தோம். முன்னால் சொன்ன பாடம் இப்போது பின்னால் போயிருந்தது. சிலது படிப்பிலேயே இல்லை. ‘எங்க சொன்னீங்க?’ என்று கேட்டு ஒரு பெண் எழுதியிருந்தார். நூர் கிறிஸ்டோபரை உட்காரவைத்து, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எல்லா வீடியோக்களிலிருந்தும் எடுத்து ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டச் சொன்னார். மாதக் கூட்டத்தில் திரையில் ஓடவிட்டார்கள். எத்தனையோ முகங்கள், எத்தனையோ சேலைகள், சட்டைகள். எல்லோர் வாயிலும் ‘நான் முன்னாடியே சொன்ன மாதிரி’. அதிக முறை வந்த முகம் என்னுடையது. பிரிவின் இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

நான் அந்த வாரம் முழுக்க நூரோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை அவரே வந்தார். கையில் ஒரு டப்பாவில் நோன்புக் கஞ்சி.

"கோவமா?"

"இல்லை."

"கோவமில்லாதவங்க ‘இல்லைங்க’ம்பாங்க."

டப்பாவை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "வகுப்புல இருக்கறவங்க நேத்து வந்துட்டுத்தான் இன்னைக்கும் வர்றாங்க. நம்ம ஆளுங்க அப்படி இல்லீங்க. எந்தக் கதவத் தொறந்து உள்ள வருவாங்கன்னு நமக்குத் தெரியாது. அதனால முன்னாடியும் வேண்டாம், அப்புறமும் வேண்டாம். ஒவ்வொண்ணும் தனியா நிக்கோணும்." அது பிரிவின் விதியாயிற்று. பாடத்தில் யாரும் ‘முன்பே சொன்னது’ என்றோ ‘பிறகு பார்க்கலாம்’ என்றோ சொல்லக் கூடாது. சொன்னால் வெட்டு. எங்கள் எல்லோர் வாயையும் அந்த விதி கட்டிப்போட்டது. எனக்கு இன்றும் வகுப்பில் பேசும்போது நாக்கு ஒரு கணம் நின்று யோசிக்கிறது.

இந்த விதியின் பொருள் எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்தது வீட்டு நோயாளிப் பராமரிப்புப் படிப்பில்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிகளின் ஊர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வைத்தியம் முடிந்து வீட்டுக்கு அனுப்பப்படும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பிள்ளைகள் பெங்களூரிலோ அதைத் தாண்டியோ இருக்கிறார்கள். அந்த வேலைக்கு வரும் பெண்களுக்கென்று தமிழில் ஒரு படிப்பு. உணவுப் பகுதி என்னுடையது. அடுக்கியது நூர். மற்றப் படிப்புகளைப் போலவே இதற்கும் வரிசைப் பூட்டு போடப்பட்டது. ஒரு மாட்யூலை முடித்து, அதன் கேள்விகளில் தேறினால்தான் அடுத்தது திறக்கும். பூட்டு வேண்டும் என்று பாடக்குழுவில் வாதாடியது நான். கை கழுவத் தெரியாமல் ஒருவர் புண்ணுக்குக் கட்டுப் போடக் கற்கக் கூடாது என்றேன். அது இப்போதும் சரிதான் என்று நினைக்கிறேன். நூர் எதிர்த்தார். "படிக்கறவங்க வரிசையில நோவு வர்றதில்லீங்க" என்றார். குழு என் பக்கம் நின்றது.

படிப்பு தொடங்கிச் சில நாட்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். பெயர் ருக்குமணி. ஒரு வீட்டில் தங்கி, படுக்கையில் கிடக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்பவர். நூர் போனை ஒலிபெருக்கியில் போட்டார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க மேடம், அந்தக் கடைசிப் பாடம் பூட்டியே கெடக்குதுங்களே."

"அது கடைசிலதாங்க தொறக்கும், அம்மணி. நீங்க எதுல இருக்கறீங்க?"

"நானுங்களா, கை கழுவறதுல நிக்கிறேனுங்க. ஆனா பெரியவரு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கறாருங்க. டாக்டரு கைய விரிச்சுட்டாங்க. அவுங்க மகன் பிளேன்ல வந்துட்டிருக்கறாரு. ஊட்டுல நான் ஒருத்திதானுங்க. கடைசி நாளுக்குன்னு ஒரு பாடம் போட்டிருக்கறீங்கல்ல, அத மட்டும் தொறந்து உட முடியாதுங்களா?"

நூர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பூட்டைத் திறக்க, மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். பதில் வர நாளாகும். நூர் அலமாரியிலிருந்து அந்தப் பாடத்தின் எழுத்து வடிவத்தை எடுத்தார். "போன வைக்காதீங்க. நான் படிக்கறேன், கேட்டுக்கங்க" என்று சொல்லி வாசிக்க ஆரம்பித்தார். உதடு காய்ந்தால் ஈரத்துணியால் துடைப்பது, மூச்சுச் சத்தம் மாறினால் பயப்படாமல் இருப்பது, ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைப்பது, பதில் வராவிட்டாலும் பேசிக்கொண்டிருப்பது. கொஞ்ச நேரத்தில் அவருக்குக் குரல் போய்விட்டது. தாளை என் பக்கம் தள்ளினார். மீதியை நான் வாசித்தேன். அடுத்து வந்தது நான் எழுதிய பகுதி. ‘உணவை மறுத்தால் வற்புறுத்துதல் கூடாது’ என்று படித்தேன். நானே எழுதிய வாக்கியம் என் காதுக்கே கல்வெட்டு போல இருந்தது.

ருக்குமணி கேட்டார்: "ரெண்டு கரண்டி கஞ்சி கூட ஊத்தாம உட்டா பாவமில்லீங்களா?"

உடல் இனிச் செரிக்காது, புரையேறும் என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்டது அதையல்ல. நூர் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மிச்சமிருந்த குரலில் சொன்னார்: "பாவமில்ல கண்ணு. அவரு கெளம்பறாரு. கெளம்பி வாசல்ல நிக்கறவங்களப் புடிச்சு ஒக்கார வெச்சுச் சோறு போடுவமா?"

"இல்லீங்க" என்றார் ருக்குமணி. போனை வைத்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் மறுபடியும் கூப்பிட்டார். பெரியவர் போய்விட்டார் என்று சொன்னார். மகன் வந்து சேர்ந்துவிட்டாராம். சாங்கியமெல்லாம் ஆயிற்றாம். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தோம். அவர் கேட்டது வேறு. "ஊட்டக் காலி பண்ணிப்போட்டுப் போகச் சொல்லீட்டாங்க. ரெண்டு வருசமா காலைல எந்திரிச்சா அவரு வேலைதானுங்க. இனி நானு எந்திரிச்சு என்னங்க பண்றது?"

நூர் பதிலில்லாமல் இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "இதுக்கு ஒரு பாடம் இல்லீங்களே புரொபசர்" என்றார். பார்த்துக்கொண்டவர்களுக்கென்று ஒரு மாட்யூல் போட வேண்டும் என்றார். போடலாம் என்றேன். அந்தப் பருவம் முழுக்க வேறு வேலைகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன.

பூட்டை எடுக்கச் சொல்லி நூர் விண்ணப்பம் எழுதினார். எல்லாப் பாடத்துக்கும் அல்ல, கடைசி ஒன்றுக்கு மட்டும். நடப்பில் இருந்த மாணவர்களுக்குத் தற்காலிகமாகத் திறந்துவிட்டார்கள். புதிய மாணவர் சேர்க்கைக்கு, புதிய மென்பொருளில், மறுபடியும் பூட்டு விழும். அதை நிரந்தரமாக எடுப்பது பற்றிப் பாடக்குழு முடிவு செய்யும் என்றார்கள். குழு கூடுவது தள்ளிப்போனது.

இதற்கிடையில் நூருக்கு உடம்பு சரியில்லாமல் போயிருந்தது. எங்களுக்கு வெகுநாள் தெரியாது. அவ்வப்போது விடுப்பு எடுப்பார். வந்தால் தரையில் உட்கார முடியாமல், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, குடையின் நுனியால் அட்டைகளைக் காட்டி, "அதுக்கு மேல இது, இதுக்கு மேல அது" என்பார். நான்தான் குனிந்து எடுத்து வைப்பேன். எனக்கும் முதுகு வலிக்கும் வயது. எதற்குக் குனிகிறோம் என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை. ஒருநாள் தலைமுக்காட்டைச் சரிசெய்தபோது தலையில் முடி இல்லாததைப் பார்த்தேன். நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்தார். "தொண்டை ஒண்ணுதாங்க இப்ப நல்லாருக்குது. மத்ததெல்லாம் ரிப்பேரு" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச அவர் இடம் கொடுக்கவில்லை. கேட்டுப் பழக்கம் எனக்கும் இல்லை.

புதிய சேர்க்கைக்காக எல்லா முன்னுரைகளையும் மறுபடி பதிவு செய்தார். எங்கள் ஒலிப்பதிவு அறை பழைய சாமான் அறைதான். சத்தம் வரும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிடுவோம். அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டாகப் பேசி முடித்தார். கடைசிப் பாடத்தின் முன்னுரையைக் கடைசியாகப் பேசினார். அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார்.

நான் போய்ப் பார்த்தேன். அவருடைய அக்கா பக்கத்தில் இருந்தார். நூர் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக் கிளம்பப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே, "பூட்ட எடுத்தாச்சுங்களா?" என்றார். இன்னும் குழு கூடவில்லை என்றேன். "நீங்க இருப்பீங்கல்ல" என்றார். குழுவில் நீங்கள்தானே பூட்டுக்கு ஆதரவு என்பதை நினைவூட்டினாரா, நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்றாரா, எனக்குத் தெரியவில்லை. "இருப்பேங்க" என்றேன். ‘ங்க’ போட்டதை அவர் கவனித்திருப்பார். உதடு லேசாக அசைந்தது.

அடக்கம் செய்தி வந்த அன்றே, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு. ஆண்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டில் எல்லோருக்கும் என்னைத் தெரிந்திருந்தது எனக்கு வியப்பாக இருந்தது. "நீங்கதான் சண்டை போடற புரொபசருங்களா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். நூரின் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு வாரமும் அவர்தான் கூட இருந்தாராம். கையை விடவே இல்லை. எழுந்து போனால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை என்று எனக்குத் தோன்றியது. எனக்கும் தெரியவில்லை.

இரங்கல் கூட்டத்தை இணையத்தில் நடத்தினார்கள். சிறு சிறு சதுரங்களில் நாங்கள். இயக்குநர் நன்றாகவே பேசினார். நடுவில் யாரோ ஒலியை அணைக்க மறந்திருந்தார். பஸ் நடத்துனர் ‘காந்திபுரம், காந்திபுரம்’ என்று கூவுவது எல்லோருக்கும் கேட்டது. நூர் இருந்திருந்தால் கிறிஸ்டோபரிடம் சொல்லி அதை எடுத்து வைத்திருப்பார்.

அதே மாதம் பாடக்குழு கூடியது. நூரின் விண்ணப்பம் கடைசிப் பொருளாக வந்தது. எல்லோரும் சோர்ந்திருந்தார்கள்.

"மேடம், ஆரம்பத்துல பூட்டு வேணும்னு கேட்டதே நீங்கதானுங்களே?" என்றார் இயக்குநர்.

"ஆமாங்க. இப்பவும் மத்த எல்லாத்துக்கும் வேணும்னுதான் சொல்றேன். இது ஒண்ணுக்கு வேண்டாம்."

"ஒண்ணத் தொறந்தா எல்லாத்தையும் தொறக்கச் சொல்லுவாங்க. தணிக்கைக்கு யாரு பதில் சொல்றது? நூர் மேடம் மேல எங்களுக்கும் மரியாதை இருக்குதுங்க. அதுக்காக விதிய மாத்த முடியுமா?"

"நூருக்காகக் கேக்கலைங்க" என்றேன். ருக்குமணியின் போனைப் பற்றிச் சொன்னேன். கை கழுவுவதில் நின்றுகொண்டு, சாகிறவரின் பக்கத்தில் தனியாக இருந்த பெண்ணைப் பற்றி. "இந்தப் பாடம் தேவைப்படறவங்களுக்கு அன்னைக்கே தேவைப்படுது. வரிசையில வந்தா அது அவங்களுக்கு உதவாது" என்றேன். நான் நன்றாகப் பேசவில்லை. சொல்ல நினைத்ததில் பாதியை விட்டுவிட்டேன். கடைசியில் ஒரு சமரசம் வந்தது. கடைசிப் பாடம் எல்லோருக்கும் திறந்தே இருக்கும். ஆனால் சான்றிதழுக்கு அது கணக்கில் வராது. அதற்கும் மேலே போராட எனக்குத் தெம்பில்லை. கதவு திறந்திருந்தால் போதும் என்று ஒப்புக்கொண்டேன்.

திறப்பதற்கு முன் ஒருமுறை முழுதாகச் சரிபார்க்க வேண்டும். கிறிஸ்டோபரும் நானும் உட்கார்ந்தோம். கடைசிப் பாடத்தின் முன்னுரை ஓடியது. "வாங்க, ஒக்காருங்க. பயமா இருக்கும். பரவாயில்ல." என்று அந்தக் குரல். என்னென்ன வரப்போகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, முடிவில் கொஞ்சம் நிறுத்தி, "அவரு போனதுக்கப்புறம் உங்க மனசு என்ன பாடுபடும்னு எனக்குத் தெரியுமுங்க. அத அப்புறம் பாக்கலாம்" என்றார்.

கிறிஸ்டோபர் வீடியோவை நிறுத்தினார்.

எங்கள் எல்லோர் வாயையும் கட்டிப்போட்டவர், தன் விதியைத் தானே மீறியிருந்தார். அந்தப் புழுக்கமான அறையில், களைப்பில் வாய் தவறிச் சொன்னாரா, அப்படி ஒரு பாடத்தைப் போட்டுவிடுவோம் என்று நம்பித்தான் சொன்னாரா, இனி யாரையும் கேட்க முடியாது. ஆனால் அந்த ‘அப்புறம்’ எங்கள் படிப்பில் எங்கும் இல்லை. கேட்கிறவர் தேடுவார்.

"விட்டுடலாமுங்களா மேடம்? அவங்க குரல்ல அதுதானுங்க கடைசி வரி" என்றார் கிறிஸ்டோபர்.

"வெட்டுங்க" என்றேன்.

"மேடம்..."

"அவங்களா இருந்தா விட்டிருப்பாங்களா?"

வெட்டினார். அந்தக் குரலின் இதம் கலையாமல், வெட்டிய இடம் தெரியாமல் ஒட்டினார். அவர் நல்ல வேலைக்காரர். வெட்டிய துண்டைத் தூக்கிப் போடாமல் எனக்கு அனுப்பச் சொன்னேன். சில நொடிகள்தான். அது என் போனில் இருக்கிறது. அனுப்பிய நாளன்று ஒருமுறை கேட்டேன். பிறகு கேட்கவில்லை.

இந்தப் பருவத்தில் அந்தப் படிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசிப் பாடத்தில் பூட்டில்லை. யார் யார் நேராக அதற்குள் போகிறார்கள் என்று கணினி காட்டும். போகிறார்கள். என்ன நிலையில் போகிறார்கள் என்று அது காட்டாது. துண்டாக்கிக் கொடுத்தால் பாடம் பாடமாக இருக்காது என்றுதான் நான் இன்னமும் நினைக்கிறேன். நூரோடு அந்த வாக்குவாதம் முடியவில்லை. எதிரில் ஆளில்லாததால் நின்றிருக்கிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது வார்த்தை மாறாத ஒரு கேள்வி. கூட ஓர் அட்டை. அட்டை அவருடையதல்ல, நானே நறுக்கியது. அவிநாசியில் நடந்த ஒரு கல்யாணத்தின் பத்திரிகை. அச்சில்லாத பக்கத்தில் ‘பார்த்துக்கொண்டவர்களுக்கு’ என்று தலைப்பு எழுதி மேசைமேல் வைத்திருக்கிறேன். அவர் முறைப்படியே கடைசியிலிருந்துதான் தொடங்க வேண்டும். இதைப் படித்து முடித்தவர் திங்கட்கிழமை காலையில் எழுந்து என்ன செய்வார்? ருக்குமணி கேட்டது அதைத்தான். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா கேட்காமல் விட்டதும் அதைத்தான். கருத்தரங்கு அறையில் எல்லா அட்டைகளையும் அவரோடு குனிந்து அடுக்கியவள் நான். இந்த ஒன்றை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரிகிறது. தலைப்புக்குக் கீழே என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. பதில் இல்லாத அட்டையை அவர் எடுத்து எங்கள் கையிலேயே கொடுத்துவிடுவார். இதையும் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.